கை சொன்ன எடை

என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு இருப்பது கை இல்லை, தராசு என்று போடியில் ஏலக்காய் வியாபாரம் பண்ணுகிற அத்தனை பேரும் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அந்தக் கையைப் பார்த்தாலே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அது என்ன வித்தை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வீண்பழி போடுகிறேன் என்று நினைப்பீர்கள். ஏலக்காய் வாங்குகிறவர்கள் கிலோவை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி, அது எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். உள்ளே விதை முற்றிய காய் என்றால் கூடுதலாக நிற்கும். தோல் மட்டும் கொழுத்து உள்ளே ஒன்றுமில்லாத காய் என்றால் குறைவாக நிற்கும். இதற்கு லிட்டர் வெயிட் என்று பெயர். நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிற இந்த மனிதருக்குப் படியும் வேண்டாம், தராசும் வேண்டாம். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் வைத்து ரெண்டு குலுக்குக் குலுக்குவார். எண்ணைச் சொல்லிவிடுவார். அப்புறம் அளந்து பார்த்தாலும் அநேகமாக அதே எண்தான் வரும். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் காய்க்குச் சரியாகச் சொல்கிற கை உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லும் என்று அந்த வீடே நம்பியது பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. கேஸ் சிலிண்டர் வந்தால் அவர் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் உள்ளே போகும். சந்தையில் வாங்கி வந்த பூசணிக்காயை அவரிடம்தான் நீட்டுவார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரம், நான் கழுத்தில் போட்டு வந்த சங்கிலியை என் மாமியார் கழற்றி வாங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, “சொன்னதுக்குக் கொஞ்சம் கொறச்சலா தெரியுது” என்றார். நான் சிலமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். என் அப்பா ஒரு குன்றிமணி குறைத்துப் போடுகிற ஆள் இல்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. புதுப்பெண் என்பதால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஒரு வருஷம் கழித்துப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் எடை போட்டபோது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தான். நல்ல எடைதான் என்றார்கள். அதற்குப் பிறகு அவன் எடையைச் சொல்கிற வேலை பெரியத்தானின் கைக்குப் போய்விட்டது.

இந்த வீட்டில் ஒரு வழக்கம். ஒரு வயது முடிகிறவரைக்கும் பிள்ளையைத் தராசில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் கண் பட்டு வளர்த்தி நின்றுவிடும் என்பார்கள். “தராசு சரக்குக்கு. புள்ள என்ன சரக்கா?” என்பார் என் மாமியார். கையால் தூக்கிச் சொன்னால் மட்டும் கண் படாதாம். நல்லா இருக்கிறது நியாயம். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஏலக்காய்க் கடையில் பூசை முடிந்து சாம்பிராணி காட்டியதும், பிள்ளையைக் கொண்டுபோய்ப் பெரியத்தான் கையில் கொடுக்க வேண்டும். அவர் ரெண்டு கையாலும் ஏந்தி, காயைக் குலுக்குகிற மாதிரியே லேசாக ஒரு குலுக்குக் குலுக்குவார். எண்ணைச் சொல்வார். கடையில் இருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள்.

ஊசி போடுகிற இடத்தில் எடை போடத்தான் செய்வார்கள். அதற்கே என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றரை மாத ஊசியின்போது நர்சம்மா, “எடை கொஞ்சம் கம்மியா ஏறியிருக்கு, நல்லா பால் குடுங்க” என்றார். அதற்கு அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம்தான். நடுவில் அங்கன்வாடிக்குக் கொண்டுபோனால் மாதா மாதம் எடை பார்ப்பார்கள். எங்கள் தெருமுனையில்தான் இருந்தது. கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அங்கன்வாடியில் என்ன சோலி என்று என்னை வாசற்படி தாண்ட விடவில்லை.

பிள்ளை பால் குடிக்கும்போதே பாதியில் விட்டுவிடுவான். மூச்சு வாங்கும். நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு மறுபடியும் வாயை வைப்பான், மறுபடியும் விட்டுவிடுவான். “சூட்டு ஒடம்பு. உச்சியில விளக்கெண்ணெய வையி” என்பார் மாமியார். வைத்தேன். சளி என்றார்கள். மருந்துக்கடையில் வாங்கிய சளி மருந்தைக் கொடுத்தேன். எல்லா வீட்டிலும் பிள்ளை வளர வளர அரைஞாண் கயிற்றை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவார்கள். நான் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னபோது, கயிறு தண்ணீர் பட்டு நீண்டிருக்கும் என்றார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பெரியத்தானோ வாராவாரம் எண்ணை ஏற்றிக்கொண்டே போனார். ஆறரை என்றார். ஏழு என்றார். ஏழரை என்றார். பிறகு எனக்குப் புரிந்தது, அவர் பிள்ளையை எடை போடவே இல்லை. போன வாரம் சொன்ன எண் அவர் மனசில் இருக்கும். பிள்ளை என்றால் வளரத்தானே வேண்டும்! அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிடுவார். தூக்குவதற்கு முன்னாலேயே எண் தயாராக இருக்கும். கையும் அதற்கு ஆமாம் போடும்.

என் வீட்டுக்காரர் வாரத்தில் பாதி நாள் மலையில் இருப்பார். குரங்கணிக்கு மேலே எங்களுக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் உண்டு. அதையும் பார்த்துக்கொண்டு, சுற்றி இருக்கிற தோட்டங்களில் காய் வாங்கி ஜீப்பில் லோடு இறக்குவது அவர் வேலை. பையனுக்கு ஆறு மாதம் முடிந்த சமயம், தோட்டத்தில் சாமி கும்பிட என்று எல்லோரும் மேலே போனோம். ஜீப்பு குலுங்கிய குலுக்கலில் பிள்ளை பாலைக் கக்கிக்கொண்டே வந்தான். காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அங்கே மூட்டை சுமக்கிற ஒரு அண்ணன் ஆசையாகப் பிள்ளையை வாங்கித் தூக்கினார்.

“என்னத்தா, பஞ்சாட்டம் இருக்கான்!” என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஆனால் சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “நீ நாள் பூரா மூட்டை தூக்குற ஆளு. ஒனக்கு யானைக்குட்டியக் குடுத்தாலும் பஞ்சாத்தான் இருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர். அந்த அண்ணனும் ஆமாம் என்று சிரித்தார். பெரியத்தான் பிள்ளையை வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கி, “எட்டுக்குப் பக்கத்துல வந்துட்டான். கல்லு மாதிரி இருக்கான்” என்றார். ஒருத்தருக்குப் பஞ்சு, இன்னொருத்தருக்குக் கல். அவரவர் தூக்குகிற சுமையை வைத்து என் பிள்ளையை அளந்துகொண்டிருந்தார்கள். இதே வயசில் இன்னொரு பிள்ளை எவ்வளவு கனம் இருக்கும் என்று ஒரு ஆளுக்காவது நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இறங்கும்போது என் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். “டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிருவோம்ங்க. எனக்கு என்னமோ சரியாப் படல.”

“அண்ணன் கை தப்பாது. நீ சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்காத” என்றார் அவர். அண்ணன் கை! அண்ணன் பால் கொடுத்தாரா? அண்ணன் ராத்திரியெல்லாம் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டாரா? ஜீப்பில் மாமியாரும் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் சிலமலைக்கு, என் அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே என் அண்ணன் மனைவிக்கும் கைக்குழந்தை. என் பையனைவிட ஒரு வாரம் இளையவள். மதினி அடுப்படியில் வேலையாக இருந்தாள். “இவளச் செத்தப் பிடி தாயி” என்று பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

வாங்கினேன். வாங்கின கை சட்டென்று கீழே இறங்கிவிட்டது. நல்லவேளை, மடியில் பிடித்துக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு மேலாக என் பிள்ளையைத் தூக்கித் தூக்கி, ஒரு பிள்ளை இவ்வளவுதான் இருக்கும் என்று என் கை ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. அந்த அளவுக்குத்தான் பலம் கொடுத்திருக்கிறேன். அது பத்தவில்லை.

நான் அவளை இறக்கி இறக்கித் தூக்குவதைப் பார்த்துவிட்டு மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பாயில் கிடந்த என் பையனைத் தூக்கினாள். அவள் தன் மகளைத் தூக்குகிற வேகத்தில் தூக்கியிருக்கிறாள். அவன் விருட்டென்று அவள் தோளுக்கு மேலே போய்விட்டான். அவளுக்கு முகம் மாறிவிட்டது. மெதுவாக இறக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “டாக்டர்ட்ட காட்டுனியா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அன்றைக்கே போடிக்குத் திரும்பி வந்து மாமியாரிடம் சொன்னேன். “ஒங்கண்ணன் மக டின் பால் குடிச்சு ஊதுன புள்ள. அதோட எம்பேரன ஒப்பு வைக்காத” என்றார்.

“வேற எதோட ஒப்பு வைக்கச் சொல்றீக அத்தை? ஏலக்கா மூட்டையோடயா?” என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் பேசின முதல் எதிர்ப்பேச்சு அது. அதற்கு ரெண்டு நாள் விடாமல் பேசினார். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை லோடோடு வந்துவிடுவார் என்று காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல் கடையில் பூசை முடிந்தது. என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். காய் பொறுக்குகிற ரெண்டு அக்காமார், கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்குகிற ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். பெரியத்தான் பிள்ளையை ஏந்தினார், குலுக்கினார்.

“எட்டேகால்” என்றார்.

அவர் கையிலிருந்து பிள்ளையை வாங்கினேன். மூட்டை போடுகிற பெரிய எலக்ட்ரானிக் தராசு பக்கத்திலேயே இருந்தது. அதன் மேல் என் முந்தானையை மடித்துப் போட்டுப் பிள்ளையை வைத்தேன். சேலை என் உடம்போடு இருந்ததால் எண் நிற்காமல் ஆடியது, முந்தானையை உருவிவிட்டுப் பிள்ளையை வெறும் தகரத்தில் படுக்க வைத்தேன். மாமியார், “ஏய், ஏய்!” என்று கத்திக்கொண்டே வந்தார். அதற்குள் எண் நின்றுவிட்டது. ஐந்து கிலோ முந்நூறு.

நான் பெரியத்தானைப் பார்த்தேன். அவர் எண்ணைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு சொன்னாரே ஒரு சொல், செத்தாலும் மறக்க மாட்டேன்.

“தராசுல கோளாறு.”

அந்தத் தராசில்தான் அன்று காலையில் லோடு லோடாகக் காய் போட்டிருந்தார்கள். அப்போது கோளாறு இல்லை. எடைக்கல்லை எடுத்துவரச் சொல்லி வைத்துப் பார்த்தார்கள். சரியாகக் காட்டியது. அதோடு விட்டிருக்க வேண்டும், இல்லையா? விடவில்லை. பெரியத்தான் ஒரு பிளாஸ்டிக் சாக்கை எடுத்துக் காயை அள்ளி அள்ளிப் போட்டு, தராசில் அதே ஐந்து கிலோ முந்நூறு வரும்வரை நிரப்பினார். ஏலக்காய் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சாக்கு என் பிள்ளையைப் போல ரெண்டு மூன்று மடங்கு பெருத்து நின்றது. பெரியத்தான் முதலில் சாக்கைத் தூக்கினார். பிறகு பிள்ளையைத் தூக்கினார்.

“தூக்கிப் பாருங்கப்பா! சாக்கு லேசா இருக்கு. புள்ள எம்புட்டுக் கனம்! ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லுது இந்தத் தராசு!” என்றார்.

கணக்குப்பிள்ளை தூக்கிப் பார்த்தார். பிள்ளைதான் கனம் என்றார். காய் பொறுக்குகிற அக்காமார் தூக்கினார்கள். ஆமா, பிள்ளைதான் கனம் என்றார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் தூக்கினார்கள். பிள்ளைதான் என்றார்கள். என் வீட்டுக்காரரும் தூக்கினார். அவரும் அதையே சொன்னார். அடப்பாவிகளா! என் பிள்ளை கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருக்கிறான், இவர்கள் தராசு பொய்யா கை பொய்யா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். “இத்தன பேரு கையும் ஒண்ணுபோலச் சொல்லுது. மிஷின நம்பச் சொல்றியா?” என்று மாமியார் என்னைக் கேட்டார்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆத்திரத்தில் நானும் போய் அந்தச் சாக்கைத் தூக்கினேன். கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைப் பிடுங்கித் தூக்கினேன். எனக்கும் பிள்ளைதான் கனமாக இருந்தான். சந்தேகமே இல்லை, நன்றாகவே கனமாக இருந்தான். மதினி வீட்டில் மட்டும் என் கை உண்மை சொன்னது, இங்கே அதுவும் இவர்களோடு சேர்ந்துகொண்டது. ஒரு நொடி எனக்கே தலை சுற்றியது. அப்படியானால் மதினியின் பிள்ளைதான் குண்டோ? நான்தான் மனசைக் குழப்பிக்கொள்கிறேனோ?

அப்போதுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அழுது அழுது சத்தம் அடங்கிப்போயிருந்தது. உதடு வெளுத்திருந்தது. விலாவுக்குக் கீழே குழி விழ விழ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“போதும் நிறுத்துங்க!” என்று கத்தினேன். “ஆளாளுக்குத் தூக்கிப் பாத்தீகளே, ஒருத்தராவது அவன் மூஞ்சியப் பாத்தீகளா? கனமா இருக்கானாம் கனமா! மூச்சு விட முடியாமக் கெடக்கான். நீங்க ஒங்க கையக் கட்டிக்கிட்டு அழுங்க. எம்புள்ளய எனக்குக் குடுங்க.”

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். கையில் பை கூட இல்லை. தேனி பஸ்சு நிற்கிற இடத்தை அடைவதற்குள் பின்னால் ஜீப்பு வந்து நின்றது. என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். “தேனிக்கு வெரசா ஓட்டுங்க” என்று ஏறி உட்கார்ந்தேன்.

தேனியில் குழந்தை டாக்டர் ஒருவர், நெஞ்சில் குழாயை வைத்தவுடனே நிமிர்ந்து பார்த்தார். இதயத்தில் ஓட்டை இருக்கிற மாதிரி சத்தம் கேட்கிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். பால் குடிக்கக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை, குடித்ததெல்லாம் மூச்சு விடவே சரியாகப் போகிறது என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “ஏழு மாசப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு எடையாம்மா? தாயி நீங்க, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

கேட்டாரே, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பக்கத்தில் மலை மாதிரி ஒரு ஆம்பளை நின்றுகொண்டிருந்தார், அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. “எங்க வீட்டுல எடை பாக்குறதுக்குன்னு ஒரு கை இருக்குங்க சார். அது எட்டேகால்னு சொல்லுச்சு” என்றேன். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மருந்து கொடுத்து, கொஞ்சம் உடம்பைத் தேற்றி, மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களையும் பதற வைக்க எனக்கு மனசில்லை. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் எனக்கு வேறு வேலை இல்லை. அந்தச் சாக்கையும் பிள்ளையையும் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வெளியே பலசரக்குக் கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு ஒரு கிலோ பொரி கட்டித் தரச் சொல்லி அதையும் தூக்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பொரி காற்றாக இருந்தது. உப்பு கல்லாக இருந்தது. ரெண்டும் ஒரு கிலோ என்று எனக்குத் தெரியும், கண் முன்னால்தான் போட்டுக் கொடுத்தார். தெரிந்தும் கை கேட்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது. பொருளைப் பார்த்தவுடனே கண் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது, இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, இவ்வளவு கனம் இருக்கும் என்று. தூக்கும்போது அந்தக் கணக்குக்கு மேலே இருந்தால் கனம், கீழே இருந்தால் லேசு. கை சொல்வது அவ்வளவுதான். நாள் பூராவும் பெரிய சாக்கில் லேசான காயைத் தூக்குகிற ஒரு மனிதரிடம், சின்னதாகச் சுருட்டிவைத்த ஒரு பிள்ளையைக் கொடுத்தால் கனமாகத்தான் இருக்கும். ஏலக்காயோடு வைத்துப் பார்த்தால் அவன் கனம்தான். நல்ல லிட்டர் வெயிட்! முற்றின சரக்கு என்றுதான் வாராவாரம் என் பிள்ளைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

விளங்கிவிட்டதால் கோபம் தணிந்ததா என்றால், இல்லை. கை ஏமாற்றும், அது கையின் பிழை இல்லை என்று சரி, ஒத்துக்கொள்கிறேன். தராசு கண் முன்னால் எண்ணைக் காட்டிய பிறகும், தராசைப் பொய்யாக்கி அந்தக் கையைக் காப்பாற்றப் பார்த்தார்களே, அது யார் பிழை? போதாததற்கு, நாங்கள் மதுரையிலிருந்து திரும்பி வந்தபோது ஊரில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையின் கனத்தில் ஏதோ வித்தியாசம் என்று பெரியத்தான் கைக்குத்தான் முதலில் தெரிந்ததாம். அவர் சொல்லித்தான் தராசில் போட்டோமாம். கல்யாண வீட்டில் ஒரு அம்மா என்னிடமே வந்து சொன்னாள், “நல்ல மனுசன் கையில புள்ளயக் குடுத்த, பொழச்சுக்கிட்டான்” என்று. சாப்பிட்ட இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

பையனுக்கு ஒன்றரை வயது ஆயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் சாப்பிட்ட சாப்பாடு எல்லாம் உடம்பில் ஒட்டியது. நெடுநெடுவென்று உயர்ந்தான். இப்போது நான் யாரையும் கேட்பதில்லை, தெருமுனை அங்கன்வாடியில் நானே கொண்டுபோய் எடை போட்டுவிடுவேன். அந்த மாதம் போட்டபோது பத்து கிலோ தாண்டியிருந்தான்.

அதற்கு ரெண்டு நாள் கழித்து, ஒரு மதிய நேரம், வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போனேன். பையன் என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினான். பெரியத்தான் அவனைப் பிடித்து அலாக்காகத் தூக்கினார். பழைய பழக்கம், ஒரு குலுக்கும் குலுக்கினார். அவர் முகம் சுருங்கியது.

“என்னத்தா, புள்ள எளைச்சுட்டான்? ரொம்ப லேசா இருக்கானே” என்றார். கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தார். அவரும் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஆமா, லேசாத்தான் இருக்கான்” என்றார். காய் பொறுக்குகிற அக்காமார் உச்சுக் கொட்டினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அவனை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

ஐந்து கிலோ இருந்தபோது கல்லாக இருந்தவன், பத்து கிலோ ஆனதும் இளைத்துவிட்டான்! ஆள் நீண்டுவிட்டான், பார்க்கப் பெரிதாக இருக்கிறான், அவர்கள் கண் போட்ட கணக்குக்கு அவன் எட்டவில்லை, அவ்வளவுதான் சங்கதி. இதை எவரிடம் போய்ச் சொல்வது?

“பத்து கிலோவுக்கு மேல இருக்கான்” என்றேன். “அங்கன்வாடித் தராசுல போட்டேன்.”

“கை வேற சொல்லுதேத்தா” என்றார் பெரியத்தான். குரலில் உண்மையான கவலை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“அந்தக் கைய சாக்குக்குள்ள விடுங்க பெரியத்தான். இனிமே எம்புள்ள மேல வைக்காதீக” என்றேன். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. சாப்பாட்டுக் கேரியரை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நடந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கே அது தெரிந்தது. இடுப்பில் இருந்த பிள்ளை லேசாக இருந்தான். கையை மாற்றித் தூக்கிப் பார்த்தேன். லேசாகத்தான் இருந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், வியர்வை இல்லை. மூச்சைக் கவனித்தேன், சீராகத்தான் இருந்தது. என்ன ஏது என்று எனக்கு எல்லாம் தெரியும், கடையில் வைத்து அவர்களுக்கெல்லாம் உறைக்கிற மாதிரி பேசிவிட்டுத்தான் வருகிறேன். ஆனாலும் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

அங்கன்வாடியில் டீச்சரம்மா பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். நான் நேராக உள்ளே போய்த் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“என்னக்கா, முந்தாநாத்தான போட்டோம்?” என்றார்.

“இன்னைக்கும் போடுங்க” என்றேன்.